பள்ளிக்கு வராத பிள்ளைகள் பட்டியல்: பெற்றோருக்குக் கவுன்சிலிங் கொடுத்தால் போதுமா?

ஏரிக்கரை மல்லி (கேள்வி)

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டுத் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இங்கே அனுபவசாலிகள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

நீண்ட நாட்களாகப் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பட்டியல் ஒன்று எங்களிடம் வந்திருக்கிறது. பெயர், வகுப்பு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள எண்), அப்பா பெயர். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசி, பிள்ளைகளைத் திரும்ப அனுப்ப வைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம். அதில் 'வராததற்குக் காரணம்' என்று ஒரு பகுதி: பெற்றோரின் ஆர்வமின்மை, குழந்தையின் விருப்பமின்மை, உடல்நலம், இடம்பெயர்வு, இதர. ஒன்றில்தான் டிக் அடிக்கலாம். அதற்குக் கீழே 'கவுன்சிலிங் அளிக்கப்பட்டதா? ஆம் / இல்லை'.

பட்டியலைப் பார்த்ததும் ஒன்று கண்ணில் பட்டது. நான்கு ஊராட்சிப் பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். ஆனால் முக்கால்வாசிப் பெயர்கள் ஒரே இடத்தைச் சேர்ந்தவை. ஏரிப் புறம்போக்கில் இருக்கும் இருளர் குடியிருப்பு. மீதியில் பெரும்பகுதி காலனிப் பிள்ளைகள். ஊர்த்தெருவில் இருந்து இரண்டு மூன்று பேர்தான். அதிலும் ஒரு பையன் தனியார் பள்ளிக்கு மாறிவிட்டானாம், எமிஸில் இன்னும் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

குடியிருப்புக்குப் போனேன். ஒரு அம்மா சவுக்கு வெட்டப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். படிப்பு எவ்வளவு முக்கியம் என்று நான் ஆரம்பித்ததை முழுசாகக் கேட்டார். முடித்ததும், "பொங்கல் கழிச்சு செங்கல் சூளைக்குப் போவணும் பாப்பா. அறுபதாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருக்கோம். அதை நீ கட்டுறியா? கட்டினா நாங்க இங்கியே இருக்கோம், புள்ளையும் ஸ்கூலுக்குப் போவும்" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அலுவலகத்தில் சொன்னால், "அதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியது, நம்ம வேலை கவுன்சிலிங்" என்கிறார்கள். அட்வான்ஸ், பட்டா, சாதிச் சான்றிதழ் இதெல்லாம் ஒரு சமூகப் பணியாளரின் வேலைக்குள் வருமா, வராதா? வரும் என்றால் எங்கே போய் ஆரம்பிப்பது?

ராஜா 77

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, சீருடை, புத்தகம், செருப்பு, சைக்கிள், பஸ் பாஸ், எல்லாமே இலவசம். இதற்கு மேலும் பிள்ளையை அனுப்பவில்லை என்றால் அது பெற்றோரின் பொறுப்பின்மை, வேறு என்ன? என் அப்பாவும் கூலி வேலைதான் செய்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். டாஸ்மாக்குக்குப் போகிற காசை மிச்சம் பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கொஞ்சம் கண்டிப்பாகப் பேசிப் பாருங்கள்.

பூண்டிக்காரி

மல்லி, உன்னைத் தங்கச்சி என்றே வைத்துக்கொள்கிறேன். எனக்கு வேலை திருவள்ளூர் மாவட்டத்தில். பூண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கத்துச் செங்கல் சூளைகள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதாவது, உன் பட்டியலில் இருக்கும் பிள்ளைகள் ஜனவரியில் மூட்டை முடிச்சோடு லாரியில் வந்து இறங்குகிற இடத்தில் நான் இருக்கிறேன். அங்கே 'ஆர்வமின்மை' என்று டிக் வாங்கிய பையன், அம்மா அப்பா ராத்திரியில் அறுத்துப் போட்ட கல்லை இங்கே வெயில் ஏறும்போது திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பான்.

முதலில் அந்த அம்மா கேட்ட கேள்வி. அவரை யாரும் ஏமாற்றி அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வயலில் வேலை இருக்காது. காய்ச்சல், பிரசவம், சாவு, சடங்கு எல்லாம் அப்போதும் வரும். பட்டா இல்லாத நிலத்தில் குடிசை போட்டிருப்பவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி கொடுப்பார். அதற்கு ஈடு நிலமும் இல்லை, நகையும் இல்லை, குடும்பத்தின் உழைப்புதான். சூளையில் கூலி ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. எத்தனை கை கூடுதலோ அத்தனை கல் கூடும். பத்து வயதுப் பையனும் அந்தக் கணக்கில் ஒரு கைதான். வாரச் செலவுக்கு மட்டும் கையில் காசு வரும், மீதியெல்லாம் அட்வான்ஸில் கழியும். நடுவில் ஒரு கோடை மழை பெய்து பச்சைக் கல் கரைந்தால் அந்த உழைப்புக்குக் காசு கிடையாது. ஜூன் ஜூலையில் கணக்கு முடிக்கும்போது இன்னும் பாக்கி நின்றால் அடுத்த வருடமும் அதே சூளை.

இப்போது காலண்டரைப் பார். தமிழ்நாட்டில் பள்ளி ஜூனில் திறந்து ஏப்ரலில் முடிகிறது. சூளை ஜனவரியில் தொடங்கி ஜூன், ஜூலை வரை. அரையாண்டுத் தேர்வு எழுதிவிட்டுப் போகிற பிள்ளை முழுப் பரீட்சையையும் விடுகிறது, அடுத்த வகுப்பின் முதல் மாதத்தையும் விடுகிறது. இப்படி மூன்று வருடம் போனால் அது திரும்ப வந்து உட்காரும் வகுப்பில் பாதிப் பாடம் புரியாது. நீ இப்போது குடியிருப்பில் பார்ப்பது அந்தப் பிள்ளைகளைத்தான். சூளையில் இருந்து திரும்பிவிட்டார்கள், ஆனால் பள்ளிக்குத் திரும்பவில்லை. 'குழந்தையின் விருப்பமின்மை' என்று நீ டிக் அடிக்கலாம். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து ஒரு வரி வாசிக்கத் தெரியாமல் நாள் முழுக்க முழிப்பதில் யாருக்கு விருப்பம் இருக்கும்?

ராஜா தம்பி, சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கொடுக்கிறார்கள். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2022இல் அந்தத் திட்டம் வந்தபிறகு எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளின் வருகை எப்படி மாறியது என்று கண்ணால் பார்த்தவள் நான், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். உங்கள் அப்பா கூலிக்குப் போனாலும் ராத்திரி வீடு திரும்பியிருப்பார். சூளைக்குப் போகிறவர் ஆறு மாதம் கழித்துத் திரும்புகிறார், பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவார்? குடி இல்லை என்று நான் சொல்லவில்லை. குடிக்கிற அப்பாக்கள் ஊர்த்தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் மல்லியின் பட்டியலில் இல்லை. அது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கல்லூரியில் கேஸ் ஒர்க் (தனி ஆளோடு வேலை), குரூப் ஒர்க் (குழுவோடு வேலை), கம்யூனிட்டி ஆர்கனைசேஷன் (சமூகத்தைத் திரட்டுவது) என்று தனித்தனிப் பேப்பராகப் படித்திருப்பாய். உன் கையில் இருக்கும் படிவம் எல்லாவற்றையும் முதல் பேப்பராக மாற்றிவிடுகிறது. ஒரு பிள்ளை, ஒரு வீடு, ஒரு காரணம். முப்பது வீட்டுக்குத் தனித்தனியாகப் போய் முப்பது தடவை ஒரே அட்வான்ஸைப் பற்றிக் கேட்டுவிட்டு, முப்பது அம்மாக்களுக்கும் அறிவுரை சொல்லிவிட்டு வந்தால் அது சமூகப் பணியா? மேஸ்திரி ஒருவர்தான். ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், ஒருவர்தான். அங்கே ஒரு தடவை போவது லாபம்.

அதனால் முதல் வேலையாகத் தலைமையாசிரியரிடம் கேட்டு வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார். போன வருடத்தையும் சேர்த்துப் பார். பெயர் வாரியாகப் பார்க்காதே, குடியிருப்பு வாரியாக, மாதம் வாரியாகக் குறித்துக்கொள். ஜனவரியில் மொத்தமாகக் காணாமல் போகிறவர்கள் சூளை அல்லது கரும்பு வெட்டு. வாரம் பத்து நாள் காணாமல் போய் வந்து, திரும்பவும் காணாமல் போகிறவர்கள் சவுக்கு வெட்டு, கரி மூட்டம். இவர்கள் தொடர்ச்சியாக விடுப்பு எடுப்பதில்லை, அதனால் 'நீண்ட நாள் வராதோர்' பட்டியலில் வரவே மாட்டார்கள். இதை முக்கியமாகக் கவனி. உன் பட்டியல் பாதிதான். மழை மாதத்தில் மட்டும் வராதவர்கள் ஓடையைத் தாண்டி வருகிறவர்களாக இருப்பார்கள், அவர்களுக்குத் தேவை கவுன்சிலிங் இல்லை, ஒரு சிறுபாலம். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் காணாமல் போகிறவர்கள் இன்னொரு கூட்டம். தொடக்கப் பள்ளி குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி. அதிலும் பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். அங்கே வழியில் இருக்கும் தோப்பையும் பள்ளியில் இருக்கும் கழிப்பறைக் கதவையும் பார்த்துவிட்டு அப்புறம் அம்மாவிடம் பேசு.

இப்படி ஒரு தாளில் போட்டுவிட்டால் உன் அலுவலகத்தில் பேசவும் கையில் ஏதோ இருக்கும். வெறுமனே 'சமூக ஏற்றத்தாழ்வு' என்று சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் தெரிந்து வைத்துக்கொள். 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறு இடத்தில் வேலை செய்யும் உரிமையையோ விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையையோ இழந்தால் அது கொத்தடிமை முறை. சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஏசியாட் (டெல்லி ஆசிய விளையாட்டு) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. ஆர்.டி.ஓ. விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுத்தால் அந்தக் கடன் செல்லாது, உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும் உண்டு. ஆனால் படித்துவிட்டு ஆவேசமாகப் போய் மனு கொடுத்துவிடாதே. குடும்பம் சம்மதித்து, எல்லாம் தெரிந்து முடிவு எடுத்த பிறகுதான். மனு கொடுத்தவருக்கு அடுத்த மழைக்காலத்தில் யாரும் அட்வான்ஸ் தரமாட்டார்கள். அந்த மூன்று மாதம் அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்பதற்கு உன்னிடம் பதில் இருக்க வேண்டும்.

சூளைக்காரர்கள் சொல்லும் ஒரு சாக்கையும் தெரிந்துகொள். "பிள்ளை அம்மா அப்பாவுக்கு உதவி செய்யுது, குடும்ப வேலைக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கு" என்பார்கள். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது குடும்பமே நடத்தும் தொழிலுக்கு, அதுவும் பள்ளி நேரம் போக. சூளை என்ன அந்தக் குடும்பத்தின் சொத்தா?

ஈராசிரியர் பள்ளி

நான் தலைமையாசிரியை. எங்கள் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். பூண்டிக்காரி சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஆசிரியர் பக்கத்தில் இருந்தும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வருகை குறைந்தால் எங்களுக்குத்தான் போன் வரும். காரணம் கேட்பார்கள். 'சூளைக்குப் போய்விட்டார்கள்' என்று சொன்னால் அடுத்த கேள்வி, "நீங்க என்ன முயற்சி எடுத்தீங்க?" அதற்குத்தான் இந்தப் படிவம் எல்லாம். எல்லோரும் முயற்சி எடுத்ததற்கு ஆதாரம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், பிள்ளை சூளையில் இருக்கிறது.

ஜூலையில் திரும்பி வரும் பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. நல்ல விதிதான். ஆனால் அதே பிரிவு சிறப்புப் பயிற்சியும் கொடுக்கச் சொல்கிறது. அதுதான் நடப்பதில்லை. அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். ஐந்தாம் வகுப்புப் பையன் அரும்பில் உட்காருகிறான், பக்கத்தில் அவன் தங்கை மொட்டில். அவன் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அவனை மட்டும் தனியாக ஒரு மணி நேரம் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தால் இரண்டு மாதத்தில் எட்டிப் பிடிப்பான், இதை நான் கண்டிருக்கிறேன். மல்லி, உங்கள் நிறுவனம் கவுன்சிலிங்குக்கு ஆள் அனுப்புவதற்குப் பதிலாக இதற்கு ஓர் ஆள் அனுப்பச் சொல்லிக் கேளுங்களேன்.

இன்னொன்று, நடைமுறையில் ரொம்ப உதவும். சூளைக்குப் போகிறவர்கள் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்குவதில்லை, சொல்லாமலே போய்விடுகிறார்கள். போகிற ஊரில் பள்ளிக்குப் போனால் டி.சி. எங்கே, ஆதார் எங்கே என்று கேட்பார்களோ என்று பயம். 5ஆம் பிரிவுப்படி டி.சி. தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. 14ஆம் பிரிவுப்படி வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. புலம்பெயர்ந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று 9ஆம் பிரிவே சொல்கிறது. எமிஸ் எண் ஒன்று இருந்தால் போதும், நாங்கள் பிள்ளையின் பதிவை எமிஸில் உள்ள பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால் அந்தப் பள்ளியில் எடுத்துக்கொள்ளலாம். டிசம்பர் கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுச் சீட்டில் பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண், என்ன நிலையில் படிக்கிறான் என்று எழுதிக் கொடுக்கிறேன். தொலைத்துவிடுவார்கள் என்று ஒரு பிரதியை நானும் வைத்துக்கொள்கிறேன்.

கவுன்சிலிங் அறவே வீண் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எங்கள் குடியிருப்பில் சின்னப் பையன்கள் இரண்டு பேரை ஒரு பாட்டி பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொண்டதால் அவர்கள் சூளைக்குப் போகாமல் இங்கேயே படித்தார்கள். அந்தப் பாட்டியிடம் யாரோ உட்கார்ந்து பேசித்தானே அது நடந்தது?

சேறு குழைத்தவள்

படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் இருளர். ஏழு வயதில் இருந்து சூளைக்குப் போனவள். இப்போது செவிலியர்.

எங்கள் குடிசைக்கும் நிறையப் பேர் வந்தார்கள். அம்மாவை நிற்க வைத்துப் பேசினார்கள், போட்டோ எடுத்தார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்பார். அவர்கள் போனதும் அட்வான்ஸ் பாக்கியை விரல் விட்டு எண்ணுவார். மல்லி, உங்களிடம் அந்த அம்மா "நீ கட்டுறியா" என்று கேட்டாரே, அது நல்ல அறிகுறி. "சரிங்க" என்று சொல்லி அனுப்பாமல் உங்களிடம் நிஜத்தைப் பேசியிருக்கிறார்.

பள்ளிக்கு வராமல் இருக்க எனக்கு அட்வான்ஸ் மட்டும் காரணம் இல்லை. எங்கள் பக்கம் ஒரே ஒரு கைபம்பு, கோடையில் அதுவும் காற்றுதான் வரும். குளிக்காமல் வந்தால் வகுப்பில் கடைசியில் உட்கார வைப்பார்கள். எலி தின்பவள் என்று பிள்ளைகள் பாட்டுக் கட்டுவார்கள். டீச்சர் காதில் விழும், எழுதிக்கொண்டே இருப்பார். சூளையில் வேலை கஷ்டம்தான், ஆனால் அங்கே எல்லோரும் சேற்றில்தான் இருந்தோம், யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இதை எந்தப் படிவத்திலும் யாரும் கேட்டதில்லை.

என்னைக் காப்பாற்றியது விடுதி. ஆறாம் வகுப்பில் ஓர் அக்கா கொண்டுபோய்ச் சேர்த்தார். விடுதிக்கு எஸ்.டி. சான்றிதழ் வேண்டும். எஸ்.சி. என்றால் தாசில்தார் கொடுத்துவிடுவார், எஸ்.டி.க்கு ஆர்.டி.ஓ.தான். அப்பாவுக்கும் இல்லை, தாத்தாவுக்கும் இல்லை, எதைக் காட்டுவது? விசாரணைக்குப் போனபோது "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று என் அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா வாழ்க்கை முழுக்கக் கல் அறுத்தவர். தெரியாது என்றார். கோப்பு நின்றுவிட்டது. ஒன்றிய அரசே மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் ஆறு சமூகங்களைக் குறித்திருக்கிறது, அதில் நாங்களும் ஒன்று. அந்தக் காகிதம் மட்டும் எங்கள் கைக்கு வருவதில்லை. அந்த அக்கா விடாமல் அலைந்து, வேறு ஊரில் சான்றிதழ் வைத்திருந்த என் பெரியப்பாவைக் கண்டுபிடித்து, உறவுமுறையைக் காட்டிய பிறகுதான் கிடைத்தது. உங்கள் குடியிருப்பில் யாராவது ஒருவருக்கு இருக்கிறதா, அவருக்கு யார் யார் ரத்த உறவு என்று முதலில் எழுதி வையுங்கள். ஒருவரைப் பிடித்தால் பத்துக் குடும்பத்துக்கு வழி கிடைக்கும்.

ஏரிக்கரை மல்லி

எல்லோருக்கும் நன்றி. பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அக்கா சொன்னது போலவே இருந்தது, சவுக்கு வெட்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் ஒருவர்கூட என் பட்டியலில் இல்லை.

உடனடியாக ஒரு விஷயம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நன்றாகப் படிக்கிறாள். பொங்கலுக்குப் பிறகு கூட்டிப்போகத்தான் போகிறார்கள். பாட்டி இருக்கிறார், ஆனால் "வயசுக்கு வந்த புள்ளையைக் கிழவிகிட்ட விட்டுட்டுப் போக முடியாது, ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது" என்கிறார் அம்மா. இதற்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை, அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

பூண்டிக்காரி

நியாயம்தான். கதவு இல்லாத குடிசை, கழிப்பறைக்கு ஏரிக்கரை. நான் அம்மாவாக இருந்தாலும் விடமாட்டேன். அதனால் அவர் பயத்தைப் போக்கப் பேசாதே, பூட்டுப் போட்டுப் பாதுகாக்கிற இடம் தேடு. உங்கள் மாவட்டத்தில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உண்டா, அதில் இடம் இருக்கிறதா என்று சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்வித் திட்டம்) அலுவலகத்தில் கேள். அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இன்னொரு வழி. அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள், செவிலியர் தங்கச்சி சொன்ன உறவுமுறை வேலையை இன்றே தொடங்கு. சேர்ப்பதற்கு முன்னால் அம்மாவையும் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டு. வார்டனின் போன் எண்ணை அம்மா கையில் கொடு. அந்த எண் உன்னிடம் மட்டும் இருந்து என்ன பயன்?

விடுதி கிடைக்காமல் பாட்டியோடோ அத்தையோடோ இருக்க ஏற்பாடானால், குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஸ்பான்சர்ஷிப் (பிள்ளைக்கான மாத உதவித்தொகை) கேட்கலாம். மாதம் 4,000 ரூபாய். கிராமத்துக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000. வேலைக்குப் போன குழந்தை என்றால் சிறார் நீதிச் சட்டப்படி அது பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, அந்த வகையில் மனு கொடுக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேள். ஒதுக்கீடு இல்லை என்பார்கள். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது மட்டும் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வா.

அந்தப் பெண்ணுக்கு இன்னொன்றும் சொல். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் ஆயிரம். அம்மாக்கள் இதைக் காதில் வாங்குகிறார்கள், வெறும் 'படிப்பு முக்கியம்' என்பதை வாங்குவதில்லை.

டீச்சர் சொன்ன பாட்டி கதையை நான் மறுக்கவில்லை. பேச வேண்டியவர் யார், பேசிவிட்டுக் கையில் என்ன கொடுக்கப் போகிறோம் என்பதுதான் என் சண்டை.

நாள் குறித்துக்கொள், இது முக்கியம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1 மூன்றிலும் உங்கள் ஆட்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். அதனால்தான் பட்டா, தண்ணீர், சிறுபாலம் எதுவும் தீர்மானத்தில் ஏறுவதில்லை. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 மூன்றிலும் இருப்பார்கள். கைபம்பு, பட்டா, ஓடைப் பாலம் மூன்றையும் நவம்பர் 1 சபையில் வை. நீ எழுந்து பேசாதே, பின்னால் நில். பெண்கள் நான்கு பேர் பேசட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு நகல் கேள்.

பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அந்தக் குடியிருப்பு அம்மா ஒருவர் இருக்க வேண்டும். முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், பின்தங்கிய பிரிவுக்கு விகிதப்படி இடம் என்று சட்டமே சொல்கிறது. பேர் இருக்கும், கூட்டத்துக்கு வந்திருக்கமாட்டார். பகல் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும் இல்லையா? டீச்சரிடம் கேட்டு ஒரு கூட்டத்தைச் சாயங்காலம் குடியிருப்பிலேயே நடத்தப் பாருங்கள். பிள்ளைகள் பாட்டுக் கட்டும் விஷயத்தை அங்கே பேசலாம், வகுப்பில் உட்கார வைக்கும் இடத்தையும்.

கடைசியாக உன் படிவம். 'இதர' என்பதில் டிக் அடித்து, 'இணைப்பைப் பார்க்க' என்று எழுதி, நீ போட்ட குடியிருப்பு வாரி, மாத வாரித் தாளை ஒவ்வொரு படிவத்தின் பின்னாலும் பின் அடித்து அனுப்பு. ஒரே தாள்தான், பிரதி எடுத்துக்கொள். ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் படிப்பார்.

டிசம்பரில் யார் யார் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று மேஸ்திரி பெயரோடு தெரிந்தால் தனிச்செய்தியில் அனுப்பு. டீச்சர் எழுதும் துண்டுச் சீட்டின் பிரதியும் வேண்டும். இங்கே எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பேசி வைக்கிறேன். ஒடிசாவில் பலாங்கீர், நுவாபடாவில் இருந்து வரும் பிள்ளைகளுக்குச் சூளையிலேயே ஒடியா வகுப்பு நடத்திய மாவட்டம் இது, தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. வேன் ஏற்பாட்டுக்குத்தான் ஒவ்வொரு வருடமும் சண்டை போட வேண்டியிருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் பெயரை மட்டும் இந்தத் திரியில் போட்டுவிடாதே.